உயிரோடிருப்பவருக்கு நித்திய இளைப்பாற்றி

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் வெயில், பின்னேரம் இடியோடு மழை. மரித்தோர் தினப் பூசை. கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் எங்கள் கோயிலில்.

இந்த மாதம் வீட்டுக்காரர்கள் தங்கள் செத்தவர்களின் பெயர்களைப் பெட்டியில் போடுவார்கள், பூசையில் வாசிப்போம். யூபிலி வருஷம் என்பதால் பள்ளிக்கூடத்தின் மறைந்த ஆசிரியர்களையும் சேர்க்கச் சொன்னார் பாதர். கோயில் பங்கின் வரலாறும் பள்ளிக்கூடத்தின் வரலாறும் எழுதுகிறவன் நான்தானே, என்னைவிட யாருக்குத் தெரியும். பெயர்களைக் கொடுத்ததும் நான், வாசித்ததும் நான். குரலை இறக்கி, ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தி. உருக்கமாக இருந்தது என்று இரண்டு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். பெருமையோடு வீடு. புட்டு, சூரை மீன் குழம்பு.

நவ. 3, திங்கள்

மழை விடவில்லை. கோயில் கந்தோர் மேசையில் உட்கார்ந்து எழுத்து. அறுபதாம் ஆண்டு பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுக்க வந்ததும், தாய் தகப்பன்மார் வகுப்பறைக்குள் பாய் விரித்துப் படுத்துக் காவல் இருந்ததும். எல்லாம் பழைய பத்திரிகைகளில் எடுத்தது. கடைசி வரி: 'அந்த நாட்களைக் கண்ட ஆசிரியர் எவரும் இன்று நம்மிடையே இல்லை.' நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன்.

கந்தோர் போன் அடித்தது. ஒரு பெண். நேற்றுப் பெயர் வாசித்தவரோடு கதைக்க வேண்டுமாம். நான்தான் என்றேன், நன்றி சொல்லப் போகிறார் என்ற நினைப்பில்.

"அங்கிள், நான் ரீட்டா. பிலோமினா டீச்சற்ற தம்பியின்ர மகள், ஹெந்தளையில இருந்து. மாமிட பேரையும் வாசிச்சனீங்கள்."

ஓம் என்றேன்.

"மாமி இருக்கிறா."

நடக்க மட்டும் ஏலாதாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பூசையை ரீட்டாவின் போனில்தான் பார்ப்பாராம். நேற்றும் பார்த்தாராம்.



நவ. 4, செவ்வாய்

டீச்சர் செத்துவிட்டார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதுதான் கேவலம். பழைய குரூப் போட்டோவைப் பார்த்து, இந்த வயதுக்கு இருக்க மாட்டார் என்று நானே முடிவு கட்டினேன். விசாரிக்க ஒரு போன் எடுக்கவில்லை. கையைப் பிடித்து எனக்கு 'அ' எழுதப் பழக்கியவர். ஒல்லாந்தர் காலத்தில் ஒளித்து ஒளித்துப் பூசை வைத்த குருமாரைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் சொல்வேன். ஹெந்தளைக்கு பஸ் ஏற மட்டும் நேரமில்லை. வெட்கம். வேறு சொல் வரவில்லை.

பாதரிடம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். பிறகு, நீங்களே நேரில் போக வேணும் என்றார்.

மனைவி வெறுங்கையோடு போக வேண்டாம் என்கிறாள். வாங்க: திராட்சை, மாரி பிஸ்கட், குடிக்க நெஸ்டமோல்ட் ஒரு பக்கெட். பூ வேண்டாம்.

நவ. 5, புதன், போயா

பௌர்ணமி லீவு. பஸ்ஸில் சனமில்லை, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டேன். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

டீச்சர் தலை வாரி, நல்ல சாரி உடுத்து, கதிரையில் காத்திருந்தார். பஸ்ஸில் தயார் பண்ணிய வசனம் பாதியில் நின்றது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ டீச்சர் என்பது மட்டும் வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது, இந்த வயதில்.

"ஏன் அழுறீர்? எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. அந்தக் கோயில்ல என்ர பேர் கேட்டு எவ்வளவு காலம்."

பெயர்கள் முடிந்து எல்லாரும் செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபம் சொன்னபோது, வாய்ப் பழக்கத்தில் தானும் சேர்ந்து சொன்னாராம். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்கென்று யோசித்தாராம். ரீட்டா சிரித்தார். எனக்கு ஏலவில்லை.

பாய் விரித்துப் படுத்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். ஓம், அங்கேதான் இருந்தாராம்.

"ஆரும் வந்து கேப்பினம் எண்டு இருந்தனான். இப்ப கன விஷயம் மறந்து போச்சு, சேவியர்."

பேனையை மூடிப் பொக்கற்றில் வைத்தேன். ரீட்டா தேத்தண்ணி தந்தார். குடித்தேன். வெளிக்கிட எழும்பும்போது டீச்சர் மறித்தார்.

"உம்மட நம்பரை ரீட்டாவிட்டக் குடுத்திட்டுப் போம். அவ போன் எடுத்துச் சொல்லுவா, அடுத்த முறை பேர் வாசிக்கேக்க பிழை வராது."

கேலி இல்லை. என் வேலையை லேசாக்கத்தான் சொன்னார். கொடுத்தேன்.