வண்டியை ஓட்டியது நீயாம்

அன்புள்ள காஷ்பருக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம்தான், அப்பாவின் முழங்காலையும் மேல் செலோ தீயணைப்புச் சங்கத்தையும் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. நீ பெர்த்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, சுரங்கத் தூசு மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்கிறாயா என்று எழுது. போனில் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. உனக்கு வீரப் பதக்கம் கொடுக்கப் போகிறார்கள். ஆகஸ்ட் மாதம் பவ்லாவின் வைக்கோல் கொட்டகை பற்றிக்கொண்டபோது வண்டியை ஓட்டிப் போய்த் தீயை அணைத்தது நீதானாம். சிரிக்காதே, மேலே படி.

நீ ஊரை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனால் சங்கத்துச் சுவரில் தொங்கும் பட்டியலில் முதல் ஓட்டுநர் இன்னும் நீதான். இரண்டாவது ஓட்டுநர் விடிவதற்குள் லுப்லியானாவுக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் வருகிறான், மூன்றாவது ஆள் ஆஸ்திரியாவில் கட்டட வேலை, சனிக்கிழமை மட்டும் தரிசனம். ஆக, வாரநாளில் தீப்பிடிக்கிறவர்கள் சனிக்கிழமை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். போன பிப்ரவரி ஆண்டுக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன், தினமும் பால் டேங்கர் ஓட்டுகிறேன், உங்கள் வண்டியைவிடப் பெரியது, பனியில் மலைப்பாதையில் ஓட்டுகிறேன், காலையிலேயே வேலை முடிந்து பகலெல்லாம் ஊரில்தான் கிடக்கிறேன், என் பெயரைப் போடுங்கள் என்று. நம் தலைவர் ஃபெர்தோ தன் மரமறுக்கும் ஆலையில் கூலிக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில், "இடம் காலியா இல்லையே தாரிங்கா, உம் பையன் நாளைக்குத் திரும்பி வந்தா, பெத்தவளே எடத்தப் பிடிச்சுக்கிட்டாளேன்னு மனசு நோகாதா?" என்றார். உன் மனசு மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. பின்வரிசையிலிருந்து எவனோ, "தண்ணி தீந்துச்சுன்னா பாலை ஊத்தி அணைச்சிருவா" என்றான், மண்டபமே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார், நான் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டார். பெண்கள் அணிக்கு ஏற்கனவே பெரிய பொறுப்பு இருக்கிறது என்று ஃபெர்தோ முடித்து வைத்தார். அந்தப் பொறுப்பு, விழாவுக்கு அக்ரூட் ரொட்டி சுடுவது. போட்டிகளில் நாங்கள் பம்பு இறக்கி, குழாய் பூட்டி, ஓடி ஜெயித்து வந்த கோப்பைகளை பீர் மேடைக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறார்கள், ஆண்கள் அதில் பாட்டில் மூடிகளைப் போடுகிறார்கள்.

கீழ் செலோக்காரர்கள் புது வண்டி வாங்கிய கதை உனக்குத் தெரியும். நடுவில் ஓடுவது தாண்டிக் குதிக்கிற ஓடைதான், ஆனாலும் இந்தப் பக்கம் ஒரு சங்கம், ஒரு கொடி, ஒரு தலைவர், ஒரு பீர் மேடை, அந்தப் பக்கமும் அதே. இருபது லட்சம் பேர் இருக்கிற நாட்டில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் ஒரு கோயில் கோபுரமும் ஒரு தீயணைப்புக் கட்டடமும் கண்ணில் படவேண்டும், இல்லாவிட்டால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது. வண்டி மந்திரிக்கிற ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தாக்கில் உள்ள சங்கமெல்லாம் வண்டியோடும் கொடியோடும் வந்து நின்றன, ஃபெர்தோவும் நம் பெரிய வண்டியைத் துடைத்து எடுத்துப் போனார், அவர்களுடையதைவிட நம்முடையது நீளம் என்று காட்ட வேண்டாமா. புது வண்டிக்குப் பூமாலை, ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லாம் உண்டு, தண்ணீர் மட்டும் இல்லை. மழை பெய்த புல்வெளி, தொட்டியை நிரப்பினால் சக்கரம் புதைந்து படம் எடுக்க அசிங்கமாக இருக்குமாம். அன்றைக்கு அந்த வண்டியில் இருந்த தண்ணீர் சாமியார் தெளித்த தீர்த்தம் மட்டும்தான். மற்ற வண்டிகள் அதற்குப் பின்னால் ஒன்றையொன்று ஒட்டி நின்றன, முன்னால் பெஞ்சுகளும் மேசைகளும், ஓட்டுநர்கள் பூசை முடிந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பாண்டு வாத்தியத்தில் தன் பெரிய குழலை ஊதிக்கொண்டிருந்தார்.

பசுவுக்கு ஞாயிறு தெரியாது, நான் பால் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மேல் வளைவில் வரும்போதே பவ்லா வீட்டுப் பக்கம் புகை. பவ்லா அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டாள், ஊர்ச் சங்கும் ஊத ஆரம்பித்துவிட்டது. கீழே என்ன நடந்தது தெரியுமா, புது வண்டிக்கு மரியாதையாக எல்லா வண்டியும் சங்கு ஊதுகிற நேரம் அது, நம் ஊர்ச் சங்கும் சேர்ந்து ஊதுகிறது என்று நினைத்துக் கை தட்டியிருக்கிறார்கள். சீருடைக் கால்சட்டையில் பை கிடையாது, கைபேசியெல்லாம் காருக்குள் கிடந்தது. பட்டியலில் பெயர் இருப்பதால் பெர்த்தில் இருக்கிற உன் கைபேசிக்குச் செய்தி வந்துவிட்டது, "எங்கம்மா தீ?" என்று கேட்டு எழுதினாய், கூடவே கடற்கரையில் கோட்டுப் போட்டுக்கொண்டு மீன் தின்கிற படமும் அனுப்பினாய். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. நான் டேங்கரை நேரே நம் சங்கக் கட்டடத்துக்கு விட்டேன். எங்கள் அணி ஸிங்காவும் அவள் நாத்தனாரும் இரண்டாம் நடை ரொட்டி எடுக்க அங்கே வந்திருந்தார்கள், ரொட்டித் தட்டைத் தரையில் போட்டுவிட்டு ஏறினார்கள், நான் பழைய சின்ன வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் கொட்டகைக் கூரை பற்றி எரிகிறது, ஒட்டினாற்போல் மாட்டுத் தொழுவம், பவ்லா உள்ளே போய்விட்டாள், கட்டு அவிழ்க்க. நான் கத்தினேன், "வெளிய வாடி, மாடு போனாப் போகுது!" உள்ளேயிருந்து அவள், "நீ தண்ணியப் பாருடி!" என்றாள். அப்படியே செய்தேன். ஓடையில் பம்பை இறக்கி, தொழுவத்துச் சுவரை நனைத்துக்கொண்டே நின்றோம், போட்டியில் ஓடியதைவிட வேகமாக ஓடினோம், மணி பார்த்து விசிலடிக்க ஆள்தான் இல்லை. பவ்லா கடைசி மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், புருவம் பொசுங்கி. கொட்டகை போய்விட்டது, தொழுவமும் வீடும் நின்றன.

எல்லாம் முடிந்து புகைந்துகொண்டிருந்தபோது நம் ஆண்கள் ஓடையைத் தாண்டி வந்தார்கள், வெள்ளைக் கையுறை, மார்பில் பதக்கம், காலில் பளபளக்கிற சப்பாத்து. ஃபெர்தோ கேட்ட முதல் கேள்வி, "வண்டிய எடுக்க யார் உத்தரவு கொடுத்தது?" ஸிங்கா சொன்னாள், "நெருப்பு கொடுத்துச்சு தலைவரே, அது உங்க சங்கத்துல சேரல." அதற்காக அவளையும் சேர்த்து ஒழுங்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவள் வண்டி ஓட்டினாள் என்று மேலிடத்துக்கு எழுதினால், அப்போது பெயர் உள்ளவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்பார்கள், அது அவர்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஃபெர்தோ குரலைத் தேனாக்கிக்கொண்டு, "இங்க பாரு தாரிங்கா, பட்டியல்ல இருக்கிற பேரையே எழுதிடுவோம், ஒரே வீடு, ஒரே குடும்பப் பேரு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். ஊருக்கே தெரியும், ஃபெர்தோ, உலகத்தின் மறுகோடியில் இருக்கிறவனைக் கொண்டுவந்து வண்டியில் உட்கார வைக்க வெட்கமாயில்லையா என்று கேட்டேன். கேட்டும் எழுதினார்கள். மேலிடம் படித்துவிட்டு நெகிழ்ந்துபோய்ப் பதக்கம் அறிவித்துவிட்டது. அப்பா, "விடேன், பதக்கம் நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சூப்பில் உப்புப் போடவில்லை.

எனக்குப் பதக்கம் வேண்டாம், காஷ்பர். அந்தப் பட்டியலில் என் பெயர் வேண்டும். போன வாரம்கூட ஒரு புகைபோக்கி பற்றிக்கொண்டது, செவ்வாய்க்கிழமை, காலை. ஃபெர்தோவே போன் செய்து, "காஷ்பர் வீட்டுல இருக்கானா?" என்று கேட்டார், குரலில் ஒரு சிரிப்புகூட இல்லை, நானும் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன், போகாமல் என்ன செய்வது, எரிவது அடுத்தவள் வீடு. ஆனால் பாதையில் பனி உறைய ஆரம்பித்துவிட்டது, ஒருநாள் வளைவில் வண்டி சறுக்கி எனக்கு ஏதாவது ஆனால் அடிபட்டதும் நீதான் என்று எழுதுவார்கள், ஆஸ்பத்திரிக்கு நான் எந்தப் பெயரில் போவது? அதனால் நீ ஒன்று செய். உன் கையால், முதல் ஓட்டுநர் இடத்தை விடுகிறேன் என்று எழுது. பவ்லாவின் கொட்டகை எரிந்தபோது நான் பெர்த் கடற்கரையில் மீன் தின்றுகொண்டிருந்தேன், வண்டியை ஓட்டியவள் என் அம்மா என்றும் எழுது. அந்தப் படத்தையும் பெரிதாகப் போட்டு அனுப்பு, மீன் நன்றாகத் தெரியவேண்டும். பிப்ரவரிக் கூட்டத்தில் உன் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து போய் அதை வாசிக்கப் போகிறேன். ஸிங்கா கோப்பைகளிலிருந்து மூடிகளைக் கொட்டிவிட்டுக் கழுவி வைத்திருக்கிறாள். பவ்லா முதல் வரிசையில் உட்காருவாளாம், புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை, மை தீட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாள்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், அந்த வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே, கிறிஸ்துமஸுக்குத் தனியாக உட்கார்ந்திருக்காமல் யார் வீட்டுக்காவது போ. அதுவரை நம் ஊர்ச் சங்கு ஊதியதாக உன் கைபேசிக்குச் செய்தி வந்தால் பயந்து எழுந்து உட்காராதே. திரும்பிப் படுத்துத் தூங்கு, நீ ஏற்கனவே கிளம்பிவிட்டாய்.

இப்படிக்கு,
உன் பெயரில் ஓட்டிக்கொண்டிருக்கும் அம்மா,
தாரிங்கா