ஆறு மணி நேரக் கால்

மார்ச் 3
இல்லை, கோபமில்லை. வெட்கம். ஏழு வயதுச் சிறுமிக்கு எங்கள் பட்டறையில் செய்த செயற்கைக் கால் இன்று ஏறவில்லை. அளவு சரிதான். முப்பத்தொரு நாளில் அவள் வளர்ந்துவிட்டாள்.
"கால் வர்றதுக்குள்ள பொண்ணு வளந்துட்டாம்மா" என்று அவள் அப்பா சிரித்தார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 4
தாமதம் வார்ப்பு அறையில்தான், அங்கே கால் அச்சு வார்க்கும் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்கிறார் மேலாளர். ஒரு வாரம் கேட்டேன். படிக்கும்போது கற்ற வரைபடம்: அளவெடுப்பதிலிருந்து கால் கைக்கு வரும்வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு சீட்டு. மேலே வேலை நேரம், கீழே காத்திருந்த நேரம்.
உண்மையில் எனக்கும் அக்காமேல்தான் சந்தேகம்.

மார்ச் 6
சுவர் முழுக்கச் சீட்டுகள். மொத்த வேலை: ஆறு மணி இருபது நிமிடம். அவ்வளவுதான்! மற்றதெல்லாம் அலமாரியில் கிடந்த நேரம். அக்கா அறையில் இரண்டே நாள்.
ஆனால் கூட்டினால் பத்தொன்பது நாள்தான் வருகிறது. மீதிப் பன்னிரண்டு நாள் எங்கே?

மார்ச் 7
அக்கா வார்ப்பு மாவு படிந்த கையோடு வந்தார். இரண்டு இடத்தில் வெற்றுச் சீட்டு ஒட்டினார்.
"உன் மேசையை விட்டுட்டியே. எத்தனை நாள்னு நீயே எழுதிக்கோ."
என் மேசை. சரிபார்ப்பு. அச்சுக்கு ஒரு கையெழுத்து, முடிந்த காலுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை மட்டும், மொத்தமாக. ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். அந்தக் கால் இரண்டு முறையும் சனிக்கிழமை வந்திருக்கிறது.
எழுதினேன்: ஆறு நாள். ஆறு நாள்.
"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அக்கா?"
"படிச்ச பொண்ணு. சுவத்துல பார்த்தாதானே நம்புவே?"

மார்ச் 8
சீட்டைக் கிழிச்சுப் போட்டா யாருக்குத் தெரியும்? — அக்காவுக்குத் தெரியும். வேலை போகப் போறது அவங்களுக்கு. ஆனாலும் மேலாளர்கிட்ட போய்ச் சொல்லாம எங்கிட்ட வந்தாங்களே. ஏன்?

மார்ச் 10
மேலாளரிடம் என் சீட்டுகளைத்தான் முதலில் படித்துக் காட்டினேன்.
"உங்களை நீங்களே காட்டிக்கொடுக்குறீங்களா?"
"அக்கா காட்டிக்கொடுக்கல சார். அதான்."
அக்கா வேலையில் தொடர்கிறார். வெள்ளிக்கிழமை போயிற்று, வந்த அன்றே கையெழுத்து; மற்ற அறைகளிலும் எதையும் அலமாரியில் கிடக்கவிடுவதில்லை.

மார்ச் 11
சிறுமிக்கு மறுபடி அளவெடுத்தோம்.

மார்ச் 24
பதின்மூன்றாம் நாள். கால் ஏறியது. கதவுவரை நடந்தாள், திரும்பி வந்தாள், என் மேசையை ஓர் உதை விட்டாள்.
"வலிக்குதா?" என்றேன், பதறி.
"மேசையைக் கேளுங்க."
அக்கா சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது.
மாலை என் மேசைத் தட்டில் ஓர் அச்சு இருந்தது. அளந்தேன், கையெழுத்திட்டேன், நானே எடுத்துப்போய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.