மூன்றாம் தேதி திறந்த பாட்டில்கள்

மார்ச் 3
ஆய்வுக்கூடத்து கெமிக்கல் ஸ்டோர் கணக்கெல்லாம் இன்றைக்குப் புது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. இனி பாட்டிலுக்குப் பாட்டில் கோடு போட்ட ஸ்டிக்கர். மிஷினைக் காட்டினால் எப்போது திறந்தது, எப்போது கெடும் என்று சொல்லிவிடுமாம். ஒட்டுகிற வேலை எனக்கு. மருமகள் அங்கே விஞ்ஞானி, அவள் சிபாரிசு. பேனாவில் தேதி எழுதிய பழைய சீட்டு இருக்கிறதே என்றேன். "அது மேலயே ஒட்டுங்க பெரியவரே, எல்லாம் உள்ள இருக்கு" என்றார் கம்ப்யூட்டர்காரர். நான் ஒட்டினால் ஒட்டினதுதான். நகம் போகும், ஸ்டிக்கர் போகாது.

மார்ச் 5
மேலாளரின் டீக் கோப்பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். மிஷினைக் காட்டினார்கள். இன்று திறந்தது, ஒரு வருஷம் தாங்கும் என்றது. "உங்களவிட டீக்கு ஆயுசு கெட்டி சார்" என்றேன். அறையே சிரித்தது, மருமகளைத் தவிர. "டீக்கு ஏதுங்க தேதி?" என்று கேட்டாள்.
"தேதி காலியா இருந்தா, பதிஞ்ச நாளையே அதுவா போட்டுக்கும் மேடம்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

மார்ச் 11
ஒட்டி முடித்தாயிற்று. விரலெல்லாம் பசை. எதைத் தொட்டாலும் கூடவே வருகிறது.

மார்ச் 18
கீழ்த்தட்டில் ஒரு பாட்டில், மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. "டாக்டரம்மா, இங்க சீனி வெளையுது, டீக்கு ஆச்சு" என்று கையை நீட்டினேன்.
"மாமா! தொடாதீங்க!"
அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. ஈதர் வகையாம். திறந்து வருஷக்கணக்கில் கிடந்தால் இப்படிப் பூக்குமாம். மூடியைத் திருகினாலே வெடிக்குமாம். எட்ட நின்று மிஷினைக் காட்டினாள். திறந்தது: மூன்றாம் தேதி. பக்கத்துப் பாட்டில், மூன்றாம் தேதி. தட்டு முழுக்க மூன்றாம் தேதி, கணக்கு ஏறிய நாள்.
நிஜத் தேதி என் ஸ்டிக்கருக்கு அடியில்.

மார்ச் 19
பழைய ஃபைலில் யாரும் தேதியே ஏற்றவில்லையாம். பாட்டில்மேல்தான் இருக்கிறதே என்று விட்டிருக்கிறார்கள். வெடிகுண்டு எடுக்கிற ஆட்களைக் கூப்பிடலாம் என்றாள் மருமகள். எது பழசு என்று சொல்லாமல் கூப்பிட்டால் கட்டடத்தையே பூட்டிவிடுவார்கள் என்கிறார் மேலாளர். பூத்ததை ஒதுக்கிவிட்டு, பூக்காததை அவளே உரித்துப் பார்க்கப் போகிறாளாம். பூக்காததெல்லாம் நல்லதா? யாருக்குத் தெரியும்?
"ஒட்டினவன் நான், நானே உரிக்கிறேன்" என்றேன்.
"உங்க கை நடுங்குது மாமா."
"நடுங்கல, தாளம் போடுது."
சிரித்தாள்.
நல்லா அழுத்தித் தேச்சு ஒட்டித் தொலைச்சேனே... கொஞ்சம் லேசா ஒட்டக் கூடாதா, கெழட்டு மூதேவி?

மார்ச் 20
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவ நாலஞ்சு உரிச்சா. அடுத்தது வரல, இறுக்கிப் பிடிச்சு இழுத்தா — என்னைப் பாத்து, என்ன பசை இதுங்கற மாதிரி தலைய ஆட்டினா — அப்புறம் சத்தம்.

ஏப்ரல் 9
மாத்திரை டப்பாவை என் முன்னால் நகர்த்தினாள். "திறந்து குடுங்க மாமா."
திறந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள்.
"என்ன மாமா, கிண்டலையே காணோம்?"
மூடியைத் திரும்ப வைத்தேன். லேசாக, ரொம்ப லேசாக.