அப்பாவின் கித்தாருக்கு ஒரு நாலு வாட் பெட்டி

என் பிரியமுள்ள அப்பா,

உங்கள் ரேடியோ போய்விட்டது. கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? ஆடி மாதம் மின்சாரம் ஏறி இறங்கியதில் உள்ளே டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. பாட்டும் செய்தியும் போனதுகூடப் பரவாயில்லை. அதன் முதுகில் கிராமபோனுக்கு என்று வைத்த இரண்டு துளைகளில்தானே நீங்கள் கித்தார் வயரைச் செருகுவீர்கள்? அவையும் ஊமையாகிவிட்டன. இப்போது அந்த மின்சார ஹவாயன் கித்தாரை மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் இழைத்தால் எனக்கு மட்டும் கேட்கிறது. அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்பதில்லை.

இந்தச் சமயம் பார்த்து, பெங்களூரில் இருக்கும் உங்கள் பட்டாளத்து நண்பர் கித்தாரைக் கேட்டு எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “ஊமையா மூலையில கெடக்கறதுக்கு, வாசிக்கறவரு கையில இருக்கட்டும்” என்றாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சித்தப்பாதான் காப்பாற்றினார். “அதுக்குன்னே ஆம்ப்ளிபயர் பொட்டி விக்கறாங்க அண்ணி, ஒண்ணு வாங்கிப் பாக்கலாம்” என்றார். “வாங்கிட்டு வாங்க” என்றாள் அம்மா. “ அவரு வாசிச்ச மாதிரி கேட்டா இருக்கட்டும். இல்லைன்னா குடுத்துடலாம்.”

சனிக்கிழமை காலை கித்தாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, “கன்னுக்குட்டிக்கு அரை டிக்கெட்டு போடட்டுமா பாப்பா?” என்றார். சித்தப்பா விடவில்லை. “போடுங்க. ஆனா அதுக்கு ஜன்னல் சீட்டு வேணும்” என்றார்.

போவதற்கு முன் உங்கள் ரேடியோ புத்தகத்தில் ஆம்ப்ளிபயர் பாடத்தைப் படித்துக் குறிப்பும் எழுதியிருந்தேன். உள்ளே போகும் ஒலி மாறாமல், தெளிவாக வெளியே வரவேண்டும் என்று அதில் இருந்தது. அந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தேன்.

கடையில் இரண்டு பெட்டிகள் காட்டினார்கள். ஒன்று இருபது வாட், இரும்புப் பீரோ போல் கனம். இன்னொன்று நாலு வாட், மூன்றே வால்வு, அரிசி டின் அளவு. சித்தப்பா பெரியதன் பக்கம் போய் நின்றுகொண்டார். நம் ஊர்க் கல்யாணத்தில் மைக்செட் வைத்தால் அடுத்த ஊர்க்காரன் எழுந்து வரவேண்டும் இல்லையா? அதுதான் அவருக்கு அளவு.

பெரியதில் வாசித்தேன். கண்ணாடி போலத் தெளிவு. ஆனால் வீட்டுக்கு ஏற்ப ஒலியைக் குறைத்ததும் தந்தியின் சத்தம் மெலிந்து, உயிர் இல்லாமல் போயிற்று. என் குறிப்பின்படி அது குற்றமே இல்லை. நானும் சரியென்று தலையாட்டப் போனேன்.

ஒரு மரியாதைக்குத்தான் சின்னதையும் கேட்டேன். கடைக்காரர் குமிழை முக்கால் வரை திருகினார். மெதுவாக இழைத்தபோது இனிமையாக இருந்தது. அடித் தந்தியை அழுத்தி இழுத்தேன். சளி பிடித்தவர் ஆசையாகப் பாடுவது போல ஒரு கரகரப்பு. உங்கள் ரேடியோவில் வந்த அதே கரகரப்பு, அப்பா.

கடைக்காரர் சங்கடப்பட்டுக் குமிழைத் தணித்தார். கன்னட வாடைத் தமிழில், “சின்னது அல்லவா அம்மா, அதுக்கு மேலே தாங்காது” என்றார்.

“தாங்காத இடத்துலதான் எங்கப்பா வாசிப்பாருங்க” என்றேன். சித்தப்பா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு அதைத் தானே தூக்கிக்கொண்டார்.

நீங்கள் அந்தச் சின்ன ரேடியோவை எவ்வளவு பாடுபடுத்தியிருக்கிறீர்கள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கரகரப்பு உங்களுக்குப் பிடித்துத்தான் இருந்ததா, அல்லது வேறு பெட்டி இல்லாததால் பழகிக்கொண்டீர்களா? நீங்கள் இருந்தபோது கேட்காமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அம்மா உள்ளே அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பெட்டியைப் போட்டு, வால்வுகள் சிவக்கும் வரை காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் முதலில் வாசிப்பீர்களே, அதையே வாசித்தேன். பருப்பு பாத்திரத்தில் விழும் சத்தம் நின்றது. நான் தலை நிமிரவில்லை. வாசித்து முடித்த பிறகும் அந்தச் சத்தம் திரும்ப வரவில்லை. கித்தார் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன்.

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. “ரெண்டாவது வரியில ஏன் அவசரப்படற? அவரு அங்க நின்னு நிதானமாத்தான் போவாரு. மறுபடி வாசி.”

மறுபடி வாசித்தேன். நாலு முறை. பிதுக்கும் சத்தமும் கூடவே வந்தது.

உங்கள் நண்பருக்கு அம்மாவே பதில் எழுதினாள். கித்தார் வீட்டில் உபயோகத்தில் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுவிட்டுப் போகவும் என்று.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் வாசிப்பேன், அப்பா. சமையலறை வரைக்கும் கேட்டால் போதும். இரண்டாவது வரியில் நின்று, நிதானமாகப் போவேன்.

உங்கள் கரகரப்பைக் கடையில் அடையாளம் கண்ட
மகள் வசந்தா