வாசலில் நின்று கூப்பிடும் சத்தம்

தெமோதரை.

அன்பு மகன் தினேசுக்கு,

கட்டாரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி மயூரி எழுதுகிறாள். போனில் நீ கேட்டால் நல்லா இருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து முறிந்த கால் எலும்பு பொருந்தி வருகிறது. பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே வைத்த தகடு சரியாக இருக்கிறது, இனி வோக்கரைப் பிடித்து நடந்தே ஆகவேண்டும் என்றார்கள். ஆனால் ராசா, நான் நடக்கவில்லை. அப்பா ஹாலிஎலக் கடை வேலைக்குப் பஸ் ஏறிவிடுவார், மயூரி பள்ளிக்கூடம் போய்விடுவாள், லயத்து வீடுகளில் இருக்கிற எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் கூரைத் தகரம் வெயிலில் முறுகுகிற சத்தம்தான் எனக்குத் துணை. யாருக்காக எழுந்து நடப்பது என்று கட்டிலிலேயே கிடந்தேன். விழுந்த புதிதில் பிஸ்கட்டும் தோடம்பழமும் கொண்டு எல்லாரும் வந்தார்கள், பிறகு அவரவர் பாடு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு இராக்கம்மா தினமும் விடியலில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும்போது நம் வாசலில் நின்று, "யக்கா, வாரியா" என்று கத்துவாளே, உன் தூக்கமும் அதில்தான் கலையும், அந்தச் சத்தம் நின்றுபோனதைத்தான் தாங்க முடியவில்லை. நம் வாசல் வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தி, செத்த வீட்டைக் கடக்கிற மாதிரி மெதுவாக நடந்து போனார்கள். என்னைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று அழுதேன்.

போன திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் வோக்கரைப் பிடித்து வாசல்வரை போய்க் கதவைத் திறந்து நின்றேன். இராக்கம்மா பயந்தே போனாள். "ஏண்டி, நான் செத்தா போயிட்டேன், கூப்பிடாம போறே" என்றேன். அவள் கூடையை இறக்கிவிட்டு, "இல்லக்கா, வர முடியாதவங்கள வாரியான்னு கூப்பிட்டா மனசு நோகுமேன்னுதான் வாயப் பொத்திக்கிட்டுப் போறோம்" என்றாள். "நோகட்டும்டி, நீ கூப்பிடு" என்றேன். மறுநாளிலிருந்து கூப்பிடுகிறாள். "நீ முன்னால போ, பின்னாலயே வாறேன்" என்று நானும் சத்தம் போடுகிறேன். "சீக்கிரம் வா, ஒன் நெரையில இருக்க கொழுந்தையும் நானே எடுத்துருவேன்" என்று சிரித்துக்கொண்டே போகிறாள். கட்டிலில் கிடந்து பதில் சொன்னால் வெளியே கேட்காது, அதனால் வாசலுக்கு நடக்கிறேன். அவர்கள் வளைவில் மறையும்வரை நிற்கிறேன். அதன்பிறகு பகல் பழையபடி நீளம்தான்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, அவசரப்படாதே. அங்கே வெயில் கடுமை, தண்ணீர் நிறையக் குடி. நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. விடியலுக்கு எனக்கு இராக்கம்மா இருக்கிறாள், பகலுக்கு ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை போன் எடு, பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கால் எப்படி என்று முதலில் கேட்காதே, என்ன கறி சமைத்தாய் என்று கேள். போனை வாசல் பக்கத்து மேசையில்தான் வைத்திருக்கிறேன். நான் நடந்து வந்து எடுக்கும்வரை வைத்துவிடாதே ராசா.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அம்மா,
ஜெயலெட்சுமி