ஒன்பதாவது உடோன் கடை

தகாமத்சு,
7 ஜூன் 2012, வியாழன் மாலை

தெத்சுரோ அவர்களுக்கு,

இன்று உங்கள் கடைக்கு வந்துவிட்டுப் பேச வந்ததைப் பேசாமல் ஏன் திரும்பினேன்? விடுதிக்கு வந்ததிலிருந்து யோசிக்கிறேன்.

செந்தாயிலிருந்து செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டேன். நேராக உங்களிடம் வரத் துணிவில்லாமல் மற்றவர்களின் உடோன் நூடுல்ஸ் கடைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் எட்டு கடை. ஒன்றில் மாவு பிசையும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட வேண்டும். நேற்று, நாமே சூடாக்கிக்கொள்ளும் ஒரு கடையில், நூடுல்ஸைக் கம்பிக் கூடையில் போட்டு வெந்நீரில் முக்கியபடி நின்றேன். பின்னால் இருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “வெளியூரா நீ? இன்னும் கொஞ்ச நேரம் வெச்சீன்னா கஞ்சிதான் குடிக்கணும். தூக்கு, தூக்கு.” மேசையிலும் விடவில்லை. “எதுக்கு இப்படி மென்னுட்டிருக்க? அது தொண்டையில இறங்குற ருசிம்மா. பல்லுக்கு அங்க என்ன வேலை?” பதினெட்டு வருடம் இந்த ஊர்க்காரரோடு குடித்தனம் நடத்தியவள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

சொல்ல வந்தது இதுதான். இரண்டு வருடம் முன்பு, வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து கடை போடுவதாக நீங்கள் சொன்ன கோபத்தில், விவாகரத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு உங்கள் கையில் கொடுத்தேன். நீங்களும் கையெழுத்துப் போட்டு நகராட்சியில் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும். கொடுக்க வேண்டாம்.

நாளைக் காலை இதைத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன்.

மசாயோ

தகாமத்சு,
8 ஜூன்

மசாயோ,

நேற்று நீ வரிசையில் நின்றபோதே பார்த்துவிட்டேன். இளைத்திருக்கிறாய். கையெல்லாம் மாவு, கடை நிறைய ஆள். கூட வேலை பார்க்கும் அக்கா, “என்ன முதலாளி, அந்தம்மா கிண்ணத்துல மட்டும் நூடுல்ஸ் ரெண்டு உருண்டை விழுது? சொந்தமா?” என்றார். “பேசாம வேலையப் பாருக்கா” என்றேன்.

நீ சாப்பிட்டு முடிக்கும்போது வெளியே வரலாம் என்றிருந்தேன். நீயோ கிண்ணத்தைக் கொண்டுவந்து பாத்திரம் வாங்கும் ஜன்னலில் வைத்து, “சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க, நன்றி” என்றாய். எல்லா வாடிக்கையாளரும் சொல்வதுதான். நானும் எல்லாருக்கும் சொல்வதுபோல், “நன்றிங்க, மறுபடி வாங்க” என்றேன். தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாய். ஒரு தடவை நேரில் பார்த்து முடித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறாய் என்று தோன்றியது.

இன்று இரண்டு மணிக்கு நூடுல்ஸ் தீர்ந்தது. கடையை மூடிவிட்டு நகராட்சிக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். கேட்க நீ தயங்கியதை நானே செய்தேன் என்று வைத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

தெத்சுரோ

செந்தாய்,
11 ஜூன், திங்கள்

தெத்சுரோவுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. என்னுடையது உங்களுக்குச் சனிக்கிழமையே கிடைத்திருக்கும். சனியும் ஞாயிறும் நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை. காரணம் இப்போது புரிகிறது.

என் முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் தட்டோடு இடத்துக்காகக் காத்து நின்றார்கள். அதனால்தான் எழுந்தேன். அந்த நன்றி வாய்ப்பழக்கம். எட்டு கடையிலும் சொன்னேன். ஆனால் நீங்கள் கடைக்காரராகப் பதில் சொன்ன பிறகு நானும் வாடிக்கையாளராகவே வெளியே நடந்துவிட்டேன். யாரைக் குறை சொல்வது?

இரண்டாவது உருண்டையைக் கவனித்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் போடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

இதைத் தபாலில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாமல் இன்று நிறுத்துகிறேன்.

12 ஜூன்

இன்று பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பை எடுத்து முடித்ததும் வட்டார அலுவலகத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த பெண், “கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேருக்கே போயிடுவீங்க மேடம். வீட்டுக்காரர் பேரையே வெச்சுக்கணும்னா மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம். அவசரமில்ல” என்றாள். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். என் கட்டுரைகளெல்லாம் உங்கள் குடும்பப் பெயரில்தான் வந்திருக்கின்றன என்று காரணம் சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை.

இசேகி மசாயோ