மூன்று சொடக்கு

பதிவு 38 — வைகாசி 4, காலை 7.10

தேரி நிலையம். எழுதுவது டாக்டர் சங்கரவடிவு, பூச்சி வகைப்பாட்டாளர். வெப்பம் இப்போதே முப்பத்தெட்டு. தென்மேற்குக் காற்று. குடிநீர் இருக்கிறது. மற்றதெல்லாம் வழக்கம்போல.

தினமும் பதிவு எழுத வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பது இயக்குநரின் உத்தரவு. பின்னால் வருகிறவர்களின் லட்சணம் எனக்குத் தெரியும். முன்னால் வந்தவர்களையே பார்த்தவள் நான். இது நிலையத்தின் சேமிப்பில்தான் கிடக்கும். யாராவது நேரில் வந்து எடுத்தால் உண்டு. வயர்லெஸில் வரும் பேச்சைக் கருவியே எழுத்தாக்கிக் கீழே ஒட்டும். அதில் வரும் அசட்டுத்தனத்துக்கு நான் பொறுப்பல்ல.

ஒரு காலத்தில் கடலோரமாகக் கிடந்த தேரிச் செம்மணல் இப்போது உள்நாட்டுக் குரும்பூரையும் தாண்டிவிட்டது. ஊர்கள் காலி. உடை என்கிற முள்மரம் மட்டும் மிச்சம். அந்த உடைமரத்தில்தான் என் சில்வண்டு இருக்கிறது. செங்கல் பொடி நிறம், வெளிறிய சிறகு நரம்பு, உச்சி வெயிலில் மட்டும் பாட்டு. உலகத்தில் எவனும் இதுவரை விவரித்ததில்லை.

ஆண் பாடும். பெண் பாடாது, சிறகை ஒரு தடவை தட்டும். நாம் விரலைச் சொடுக்குகிற அதே சத்தம். அதைக் கேட்டு ஆண் பறந்து வரும். நான் சொடக்குப் போட்டாலும் வருகிறது, என் கையிலேயே வந்து உட்காருகிறது. ஆண் வர்க்கத்துக்கு அவ்வளவுதான் மூளை.

பெட்டி நிறைய ஆண்கள் குத்திவைத்திருக்கிறேன். பெண் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சொடக்கு மட்டும் கேட்கிறது, மரத்தடியிலிருந்து, மணலிலிருந்து. பெண் இல்லாமல் இன விவரிப்பு பாதிதான்.

பதிவு 39 — வைகாசி 5, மாலை 6.30

எட்வின் பொன்துரையைப் பற்றி எழுதியாக வேண்டும், அவனும் இந்த நிலையத்தின் உபகரணங்களில் ஒன்று. ஒலிப்பதிவாளன். கிழக்கு மேட்டில், இங்கிருந்து அரைமணி நடையில், தனிக் கூடாரம். துணைக்கு டைகர் என்று ஒரு சொறிநாய். பெண் சில்வண்டைப் பிடித்துவா என்று அங்கே அனுப்பியிருக்கிறேன்.

அவனுடைய வியாதி பேச்சு. அவன் வாயைத் திறந்தால் ஒரு மரத்துச் சில்வண்டு மொத்தமும் அடங்கிவிடும். அது போக, இந்தச் செம்புழுதியில் எங்கள் சின்ன வயர்லெஸில் பேச்சு பாதி கரகரத்துப் போகும். பொத்தானைத் தட்டினால் தெளிவாகப் போகும். எனவே வந்த முதல் வாரமே ஒரு மொழி செய்து கொடுத்தேன். ஒரு தட்டு: கேட்டது. இரண்டு: நலம். மூன்று: வா. நேரில் என்றால் சொடக்கு, தூரத்தில் என்றால் பொத்தான். தலைமை முகாமுக்கும் இதையே சொல்லிவிட்டேன். மொத்தம் மூன்றே சொல். மனிதர்கள் பேசுவதில் அதற்கு மேல் உள்ளதெல்லாம் குப்பை.

[வரவு — கிழக்கு மேடு]
"டாக்டரம்மா, நாயைக் கூப்பிடுத மாதிரி சொடக்குப் போட்டுக் கூப்பிடுதிய. எங்க அம்மைக்கு மட்டும் தெரிஞ்சா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிருவா. நானும் டைகரை இப்ப மூணு சொடக்குப் போட்டுத்தான் கூப்பிடுதேன். அவனாவது மரியாதை பழகட்டும். கேட்டியளா?"

ஒரு தட்டுத் தட்டினேன்.

பதிவு 40 — வைகாசி 7, பகல் 2.00

[வரவு — கிழக்கு மேடு]
"உடைமரத்து மூட்டுல சிறகு குமிஞ்சு கெடக்கு. எல்லாம் நம்ம சில்வண்டு சிறகுதான். உடம்பு ஒண்ணையும் காணும். எனக்கு என்னமோ சொடக்குப் போடுதது பொட்டை இல்லன்னு தோணுது. வேற ஏதோ ஒண்ணு அது மாதிரி போட்டுக் கூப்பிட்டுத் திங்குது. இப்படிப் பண்ணுத பூச்சி வேற நாட்டுல உண்டும்பாவளே?"

உண்டு. ஆஸ்திரேலியாவின் வறண்ட காட்டில் ஒரு வெட்டுக்கிளி அப்படிச் செய்கிறது. அரைகுறையாக எங்கேயோ கேட்டுவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறான். புணர்ந்த ஆண் சாகும், உடம்பை எறும்பு தூக்கும், சிறகு கிடக்கும். இதற்கு எதற்கு ராட்சதக் கதை?

இன்று விவரிப்பை முடித்துவிட்டேன். "பெண்: உடல் சேகரிக்கப்படவில்லை, சிறகொலியால் அறியப்பட்டது." கண்ணால் பாராததை விவரிப்பது எங்கள் தொழிலில் பெரிய பாவம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எவனும் நாற்பத்தைந்து டிகிரியில் உட்கார்ந்ததில்லை.

இனப்பெயர் பாக்கி. எட்வின் தன் பெயரை வைக்கச் சொல்கிறான். மனைவி பெயர், மாமனார் பெயர், நடிகை பெயர் எல்லாம் பூச்சிக்கு வைக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் நான் இல்லை.

பதிவு 41 — வைகாசி 8, காலை 9.00

இயக்குநருக்கு என் சில்வண்டை நேரடியாகக் கேட்க ஆசையாம். வாசலுக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் ஒரு மைக்கைக் கட்டச் சொன்னார், கட்டினேன். தனி பேட்டரி, சத்தம் கேட்டால் தானே திறந்து முகாமுக்கு அனுப்பும், இங்கே பதிவிலும் ஏற்றும். குளிர்சாதன அறையில் காபி குடித்துக்கொண்டே பாலைவனம் கேட்கப்போகிறார். கொடுத்துவைத்த ஜென்மம்.

பதிவு 42 — வைகாசி 9, பகல் 1.40

[வரவு — கிழக்கு மேடு]
"டைகர் போயிட்டான் டாக்டரம்மா. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மரத்துக்கு அங்கிட்டு மூணு சொடக்கு கேட்டுச்சு. இவன் வாலை ஆட்டிக்கிட்டு ஓடுனான். திரும்பவே இல்ல. போய்ப் பாத்தா கழுத்துப் பட்டை மட்டும் மணல்ல கெடக்கு. நான் சொடக்குப் போடல. சத்தியமா. ஒரு கை சோத்துல, ஒரு கையில தண்ணிக் குப்பி. நான் அங்க வந்துரட்டா?"

வெயிலில் நாய்க்குப் புத்தி பேதலித்திருக்கும். நரியும் உண்டு. ஒரு சொறிநாய்க்காக நிலையத்தைக் கலைக்க முடியாது. பூச்சி ஒரு தடவைதான் சொடுக்கும், மூன்று தடவை சொடுக்காது. காதில் விழுந்தது அவன் பயம். பெண்ணைப் பிடிக்கும்வரை இரு என்று கத்திச் சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, ஒரு தட்டு வந்தது.

பதிவு 43 — வைகாசி 10, பகல் 12.20

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் நிலையத்துக்குள் இருந்தேன். இதை அடிக்கோடிட்டு வாசிக்கவும். நான் நிலையத்துக்குள்தான் இருந்தேன்.

[வரவு — கிழக்கு மேடு]
"வாறேன், வாறேன். இவ்வளவு தூரம் வந்துட்டு கூடாரத்துக்குள்ள வந்தா என்ன? மரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு சொடக்குப் போடுதிய. முகத்தைக் காட்டுங்க டாக்டரம்மா. டைகரைக் கண்டுபிடிச்சிட்டியளா?"

நான் இல்லை, போகாதே என்று கத்தினேன். அவன் நிற்கிற இடத்தில் மரம் முழுக்கச் சில்வண்டு. அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. கேட்பது ஒன்றுதான், தட்டு. அதற்காகத்தானே இயற்கை அந்தச் சத்தத்தைச் செய்து வைத்திருக்கிறது.

போகாதே என்பதற்கு எங்களிடம் தட்டு இல்லை. ஒன்று, கேட்டது. இரண்டு, நலம். மூன்று, வா. அங்கே போகாமல் என்னிடம் வரட்டும் என்று மூன்று தட்டினேன். என் கட்டைவிரலால், மூன்று.

[வரவு — கிழக்கு மேடு]
"சரி சரி, கேட்டாச்சு. மரத்துக்குப் பின்னாலயே நின்னுக்கிட்டு பொத்தானை வேற அமுக்கணுமா? அந்தா வந்துட்டேன்."

பிறகு சில்வண்டு மட்டும்.

பதிவு 44 — வைகாசி 10, மாலை 5.00

போய்விட்டு வந்தேன்.

மரத்துக்குப் பின்னால் மணல் குழிந்திருக்கிறது, எறும்பைப் பிடிக்க எறும்புச்சிங்கப் பூச்சி மணலில் செய்யும் குழிபோல, ஆனால் ஆள் படுக்கும் அகலம். ஓரத்தில் ஒரு செருப்பு. இடதுகால். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தான். புதுச் செருப்பு வாங்கக்கூட வக்கில்லையா என்று போன வாரம் கேட்டேன்.

எட்வின், எட்வின் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இத்தனை நாளில் அவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. குழிக்குள்ளிருந்து இரண்டு சொடக்கு வந்தது. நலம்.

மணலில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பதிவு 45 — வைகாசி 11, காலை 6.00

திருத்தம். பதிவு 40இல் பெண் என்று நான் விவரித்தது அந்தச் சில்வண்டின் பெண் அல்ல. அது தனி உயிர். உடல் தெரியவில்லை. மணலுக்கடியில் நகரும். அதற்குத் தெரிந்தது ஒரே சத்தம். எந்த உயிர் எத்தனை சொடக்குக்கு வரும் என்று கவனித்துக் கற்றுக்கொள்கிறது. சில்வண்டுக்கு ஒன்று. நாய்க்கு மூன்று. மனிதன் பேசுகிறவன், அவனை இது ஒருநாளும் கூப்பிட்டிருக்க முடியாது. பேச்சைப் பிடுங்கிவிட்டுச் சொடக்கைக் கொடுத்தது டாக்டர் சங்கரவடிவு. அறிவாளி. பட்டங்களோ கைகொள்ளாது.

சில்வண்டுக்கு இனப்பெயர்: எட்வினி. கேலி செய்கிறவன் செய்துகொள்ளட்டும்.

பதிவு 46 — வைகாசி 11, காலை 10.15

முகாமைக் கூப்பிட்டேன். அவர்கள் கருவி பெரியது, குரல் வருகிறது. என்னுடையது போகவில்லை.

[வரவு — தலைமை முகாம், ரோஸ்லின்]
"மேடம், பேச்சு ஒண்ணும் புரியல, ஒரே கரகரப்பு. தட்டுங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கியளா? ஏதாச்சும்னா மூணு தட்டுங்க, இங்க அஞ்சு பேரு வண்டியோட தயாரா இருக்கோம்."

ரோஸ்லின் நல்ல பெண். எப்போது பேசினாலும் சாப்பிட்டியளா என்று கேட்பாள். அவளுக்கும் ஒருநாளும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

வராதே என்று எப்படித் தட்டுவது? நானே செய்த மொழி. மூன்று சொல்லில் ஒன்றுகூட வராதே என்று சொல்லாது. அப்புறம் இரண்டு தட்டினேன்.

[வரவு — தலைமை முகாம், ரோஸ்லின்]
"சந்தோசம் மேடம். எட்வின் அண்ணன் அம்மைகிட்டயும் சொல்லிருதேன்."

பதிவு 47 — வைகாசி 11, பகல் 12.05

வாசலுக்கு வெளியே இரண்டு சொடக்கு. முதலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கொஞ்சம் இழுவை. எட்வின் அப்படித்தான் தட்டுவான், சோம்பேறி. அவன் தட்டுகிற விதத்தைக்கூட எடுத்துக்கொண்டிருக்கிறது, பாவி. தெரிந்தும் எழுந்துவிட்டேன். கதவுவரை போனேன். சொடக்குக்கு எழுந்து போகிற ஜாதிதான் நானும்.

உட்கார்ந்தபிறகுதான் புத்தியில் உறைத்தது. சத்தம் கம்பத்தடியிலிருந்து வருகிறது. கம்பத்தில் மைக். இது போடுகிற சொடக்கு நேராக முகாமுக்குப் போகும். இதுவரை இரண்டுதான் போட்டிருக்கிறது. நான் வெளியே போகவில்லை என்றால் அடுத்து மூன்று போடும். இதற்குத் தெரிந்த அழைப்பு அதுதான்.

அங்கே ஐந்து பேர், வண்டியோடு.

பதிவு 48 — பகல் 12.20

கம்பம் கதவிலிருந்து நாலு எட்டு. கட்டிங் பிளேயர் எடுத்துக்கொண்டேன். ஒயரை வெட்டினால் போதும். பேட்டரி அதிலேயே இருக்கிறது, உள்ளேயிருந்து அணைக்க வழி இல்லை. நேரடியாகக் கேட்க ஆசைப்பட்ட அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

இதை எடுத்து வாசிக்கிறவரே, உங்களைப் பற்றி முதலில் ஏதோ ஏளனமாக எழுதியிருந்தேன். அதை விடுங்கள். மணலில் சொடக்குக் கேட்டால் போகாதீர்கள். யார் கூப்பிட்டாலும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். வாயைத் திறந்து பேசாதவன் பக்கத்தில் போகாதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறது, பெட்டியில் சில்வண்டு இருக்கிறது, எட்வினி என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சத்தம் நின்றுவிட்டது. இப்போதே போகிறேன்.

பதிவு 49 — பகல் 12.26 (தானியங்கிப் பதிவு, எழுதுநர் இல்லை)

கதவு திறப்பு.
கம்ப மைக்: காலடி.
கம்ப மைக்: பேச்சு. "எட்வின், நீயா இருந்தா பேசு. ஒரு வார்த்தை பேசுடா. எதையாவது உளறு."
கம்ப மைக்: ஒயர் உரசல்.
கம்ப மைக்: பேச்சு. "ரோஸ்லின், வராதே, வரா"
கம்ப மைக்: மணல்.
கம்ப மைக்: சில்வண்டு.

பதிவு 50 — பகல் 12.41 (தானியங்கிப் பதிவு, எழுதுநர் இல்லை)

கம்ப மைக்: சொடக்கு. சொடக்கு. சொடக்கு.

[வரவு — தலைமை முகாம், ரோஸ்லின்]
"மூணு கேட்டாச்சு மேடம். நடுவுல என்னமோ பேசுனிய, ஒண்ணும் புரியல, வா வான்னு மட்டும் கேட்டுச்சு. இந்தா கிளம்பிட்டோம். வண்டியில நானும் வாறேன். சாப்பிட்டியளா?"

கம்ப மைக்: சொடக்கு.